கடைவாய்ப் பல்லும் மாறிப்போன கார்டும்

அன்புள்ள பூச்சிக்கு,

சித்தி எழுதுகிறேன். இங்கே எல்லாரும் நலம், உன் அப்பாவின் வலப்பக்கக் கடைவாய்ப் பல்லைத் தவிர. நீயும் ஒன்றிரண்டு குறை போக மொத்தத்தில் நன்றாகவே இருப்பாய் என்று நம்பிக்கொண்டு ஆரம்பிக்கிறேன். புது வருடத்தன்று காலை, சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்திருந்த போனுக்குள்ளிருந்து நீ எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோது நான் சொல்லாமல் விட்டது ஒரே ஒரு வாக்கியம். "இது என் கார்டு இல்லை" என்பது. சொல்லியிருந்தால் அந்த இடத்திலேயே எல்லாம் முடிந்திருக்கும், அல்லது ஆரம்பித்திருக்கும். எது என்று தெரியாததால்தான் வாயை மூடிக்கொண்டேன். நீயும் அதே வாக்கியத்தைச் சொல்லாமல் விட்டாய் என்று எனக்குத் தெரியும். போனில் பேசியிருக்கலாமே என்று கேட்காதே, உன் அப்பா உன்னோடு பேசும்போது ஸ்பீக்கரைப் போடாமல் பேசியதே இல்லை, நான் தனியாகப் போனை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனால் பின்னாலேயே வந்து எட்டிப்பார்த்து "பொண்ணா" என்று கேட்பார். அதனால்தான் கடிதம். நீ ஊருக்குப் போன நாளிலிருந்து மாதத்துக்கு ஒன்று எழுதுகிறேன், இதுவும் அதில் ஒன்று என்று நினைத்து அவர் கவரைப் பிரிக்கமாட்டார்.

தவறு என்னுடையது என்பதால் அது எப்படி நடந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். போன வருடம் ஜனவரி முதல் தேதி, நீ முதல் வருட விடுமுறைக்கு வந்திருந்தாய். வழக்கம்போல அப்பா, அத்தை, நீ, நான் நால்வரும் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, நான் வேலை பார்க்கும் நூலகத்திலிருந்து கொண்டுவந்த பழைய அட்டவணைக் கார்டுகளில், ஆளுக்கொன்றாக, அந்த வருடம் செய்ய நினைத்ததை எழுதினோம். உன் அம்மா உயிரோடு இருந்த நாளில் தொடங்கிய பழக்கம் இது, அப்போது நாட்காட்டித் தாளில் எழுதுவீர்களாம், கார்டு மட்டும்தான் நான் சேர்த்தது. எழுத்து உள்ளே போகும்படி மடித்து, ஓரத்தில் பசை தடவி ஒட்டி, அவரவர் படிக்கப்போகும் முதல் புத்தகத்துக்குள் வைத்துவிட வேண்டும், வருடம் முடியும்வரை யாரும் யாருடையதையும் தொடக்கூடாது, தன்னுடையதையும் பிரிக்கக்கூடாது. பசை என்றால் என் கை சும்மா இருக்குமா. பைண்டிங் மேசையில் செய்வதுபோலவே நான்கையும் வரிசையாக ஒட்டி, அடுக்கி, கட்டைக் கவிழ்த்து, மேலே அகராதியை எடையாக வைத்தேன். கவிழ்த்தால் வரிசை தலைகீழாகும் என்பது எனக்குத் தெரியாததா, வேலையில் அதற்குத் தகுந்தபடி கடைசியிலிருந்து எடுப்போம். அன்றைக்கு உன் அத்தை ஏதோ சொல்லிச் சிரிக்கவைத்ததில் மேலிருந்து எடுத்துவிட்டேன். உன் அப்பாவின் கார்டில் லிஃப்ட் பழுதுபார்த்த கிரீஸ் விரல் பதிந்திருக்கும், அதைப் பார்த்ததுமே அவரிடம் கொடுத்தேன். அத்தை எதையும் இரண்டாக மடிக்கமாட்டாள், மூன்றாகத்தான் மடிப்பாள், அதுவும் தெரிந்தது. மிச்சம் இருந்த இரண்டும் சுத்தமாக, ஒரே அளவில், ஒரே மாதிரி மடிக்கப்பட்டிருந்தன. நீயும் நானும் இப்போது ஒரே மாதிரி மடிக்கிறோம் என்பதை அப்போது நான் கவனிக்கவில்லை. என்னுடையதை உன்னிடம் கொடுத்தேன், உன்னுடையதை நான் எடுத்துக்கொண்டேன். ஒரு வருடம் முழுக்க உன் கார்டு என் அலமாரியில் ஒரு கப்பல் சமையல்காரனின் பயணக் குறிப்புகளுக்குள் இருந்தது, என்னுடையது உன் விடுதி அறையில் இருந்தது. புத்தகத்தை நான் பிப்ரவரியிலேயே படித்து முடித்தேன், கார்டு இருந்த பக்கத்தை இரண்டு விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு அடுத்த பக்கத்துக்குப் போனது நினைவிருக்கிறது.

இந்த வருடம் தேர்வு இருந்ததால் உன்னால் வர முடியவில்லை, போனில்தான் உட்கார்ந்தாய். முதலில் உன் அப்பா பிரித்தார். எடையைக் குறைக்க வேண்டும், வாசல் விளக்கை மாற்ற வேண்டும், பொண்ணோட காலேஜைப் பார்க்க வேண்டும். மூன்றில் ஒன்றும் நடக்கவில்லை என்பதை வெற்றி பெற்றவர் மாதிரி அறிவித்தார். "வாசல் விளக்கு மூணு வருஷமா லிஸ்ட்ல இருக்கு, பாவம், அதுக்கும் ஒரு எதிர்பார்ப்பு இருக்கும்ல" என்றாள் அத்தை. அவளுடைய கார்டில் ஒரே வரி, ஒரு நாள் முழுக்க யாரிடமும் பேசாமல் இருந்து பார்க்க வேண்டும் என்று. மார்ச் மாதத்தில் முயன்றதாகவும் பத்தேகால் மணி வரைக்கும் தாக்குப்பிடித்ததாகவும் சொன்னாள். காலை எத்தனை மணிக்கு எழுந்தாய் என்று உன் அப்பா கேட்டதற்கு, ஒன்பதே முக்கால் என்றாள். அடுத்து என் முறை. பசையை நகத்தால் நெம்பிப் பிரித்தேன், உன் குட்டிக் கையெழுத்து என்னைப் பார்த்தது. நிமிர்ந்து போனைப் பார்த்தேன். உனக்குப் பொறுமை எப்போது இருந்தது, அதற்குள் நீயும் உன்னிடம் இருந்ததைப் பிரித்துவிட்டுக் குனிந்திருந்தாய், உன் தலை வகிடுதான் தெரிந்தது. என்ன இருக்கிறது படி என்று உன் அப்பா அவசரப்படுத்தினார். நான் மனப்பாடமாகச் சொன்னேன், முப்பது புத்தகம் படிக்க வேண்டும், இருபத்திரண்டு முடிந்தது, சைக்கிள் கற்றுக்கொள்ள வேண்டும், விழுந்து எழுந்து ஒருவழியாகக் கற்றுக்கொண்டாயிற்று. மூன்றாவதைச் சொல்ல வாய் வரவில்லை. கண்ணில் பட்டது ஜன்னல், அதனால் மாடி அறை ஜன்னலுக்குத் திரை தைக்க வேண்டும் என்று எழுதியிருந்ததாகச் சொல்லிவிட்டேன். நீ உன் பங்குக்கு, காலையில் ஆறு மணிக்கு எழ வேண்டும் என்று எழுதியிருந்தேன், அப்புறம் முடி வளர்க்க வேண்டும் என்று எழுதியிருந்தேன் என்றாய். ஆண்பிள்ளை மாதிரி வெட்டிக்கொண்டிருக்கும் உன் தலையைப் பார்த்து அத்தை, "முடி வளந்திருக்கற அழகப் பாத்தா ஆறு மணிக்கு எந்திரிச்ச அழகும் தெரியுது" என்றாள். எல்லாரும் சிரித்தோம், நீயும் சிரித்தாய், ஆனால் உன் சிரிப்பு ஒரு படி பின்னால் வந்தது. என் பொய்க்குத் தண்டனை உடனே கிடைத்தது, மறுநாளே உன் அப்பா நான்கு மீட்டர் துணி வாங்கி வந்துவிட்டார், பச்சையில் வெள்ளைக் கோடு. வராத ஆசைக்காக இப்போது தினமும் மாலையில் திரை தைத்துக்கொண்டிருக்கிறேன்.

இப்போது உண்மையைச் சொல்கிறேன். உன் கார்டின் முதல் வரியைத் தவறுதலாகப் படித்தேன். மற்ற மூன்று வரிகளைத் தவறுதலாகப் படிக்கவில்லை. எல்லாரும் போனபின் பாத்திரம் கழுவும் இடத்தில் நின்று, குழாயைத் திறந்துவிட்டு, படித்தேன். உனக்கு நினைவிருக்கும், இருந்தாலும் எழுதுகிறேன், ஏனென்றால் ஒரு வருடத்துக்கு முன் நாம் எழுதியதை நாமே மறந்துபோகலாம். ஆறு மணிக்கு எழ வேண்டும். பாடப் புத்தகம் சேர்க்காமல் பன்னிரண்டு புத்தகம் படிக்க வேண்டும். பனி பெய்யும் ஓர் ஊரைத் தனியாகப் போய்ப் பார்க்க வேண்டும். நான்காவது வரியை மட்டும் வேறு பேனாவில் எழுதியிருந்தாய், அல்லது அழுத்தி எழுதியிருந்தாய். "பல் டாக்டர் படிப்பை விட வேண்டும். அப்பாவிடம் சொல்ல வேண்டும். முதலில் சித்தியிடம், அவங்க குறுக்கே பேச மாட்டாங்க." பூச்சி, அந்தக் கடைசி வாக்கியத்தை நான் எத்தனை தடவை படித்தேன் என்று சொன்னால் நீ சிரிப்பாய். உன் வீட்டுக்கு வந்து எட்டு வருடமாகிறது, யாரும் எனக்குச் சான்றிதழ் கொடுத்ததில்லை, நான் கேட்டதும் இல்லை. உன் வாழ்க்கையிலேயே கனமான ஒன்றைச் சொல்ல ஆள் தேடியபோது உன் மனம் முதலில் என் பக்கம் திரும்பியிருக்கிறது. அதற்காக உனக்கு நன்றி சொல்லத்தான் இந்தக் கடிதத்தை ஆரம்பித்தேன், பாதி தாள் தாண்டியும் இப்போதுதான் அந்த இடத்துக்கு வருகிறேன். ஆனால் நன்றியோடு கூடவே ஒரு உறுத்தலும் இருக்கிறது. முதலில் சித்தியிடம் என்று எழுதிவிட்டு ஒரு வருடம் நீ சொல்லவில்லை. நான் குறுக்கே பேசாதவள்தான், ஆனால் கேட்கவும் இல்லையே. மே மாதம் நீ வந்திருந்தபோது இரண்டு தடவை பாத்திரம் துடைக்க வந்து நின்றாய், துடைத்த தட்டையே திரும்பத் துடைத்தாய். தூக்கக் கலக்கம் என்று நினைத்தேன். புத்தகத்தில் வரும் மனிதர்கள் தட்டைத் திரும்பத் துடைத்தால் எனக்கு உடனே புரிந்துவிடும், வீட்டில் புரியவில்லை.

நீயும் என்னுடையதைப் படித்தாய். அது எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் நியாயமாகவும் இருக்கிறது. என் மூன்றாவது வரி இதுதான் என்று உனக்குத் தெரியும்: "தனியாக ஒரு ரயில் பயணம். அவள் கூப்பிட்டால் அவள் ஊருக்கு. கூப்பிடாவிட்டால் வேறு எங்காவது. அவள் ஊராக இருந்தால் நல்லது." அன்று சாயங்காலமே நீ அனுப்பிய செய்தி வந்தது, "சித்தி, நீங்க எப்ப வர்றீங்க" என்று. வேறு ஒன்றும் இல்லை, கேள்விக்குறிகூட இல்லை. நான் அதைத் துணி காயப்போடும் இடத்தில் நின்று படித்தேன், அப்புறம் காய்ந்த துணியைத் திரும்பக் கொடியில் போட்டேன். பதில் அனுப்பவில்லை என்று கோபித்துக்கொள்ளாதே, அந்தச் செய்திக்கு இரண்டு வரியில் பதில் எழுத எனக்கு மனம் வரவில்லை.

இந்த வீட்டில் என் முதல் புது வருடத்தை நினைத்துப் பார்க்கிறேன். எனக்கு இருபத்தாறு, உனக்குப் பன்னிரண்டு. கல்யாணமாகி ஏழு வாரம். நீ என்னிடம் தேவைக்கு மேல் ஒரு சொல் பேசமாட்டாய், உப்பு வேண்டுமென்றால்கூட உப்பு டப்பாவைப் பார்ப்பாயே தவிர என்னைப் பார்க்கமாட்டாய். அன்று நீங்கள் இருவரும் நாட்காட்டித் தாளைக் கிழித்துக்கொண்டிருந்தீர்கள், இது அவர்கள் வீட்டு விஷயம் என்று நான் எழுந்து போகப் பார்த்தேன். நீ ஒரு தாளை என் பக்கம் தள்ளி, "நீங்களும் எழுதணும், எழுதலன்னா இந்த வீட்ல இந்த வருஷம் உங்களுக்கு ஒண்ணுமே நடக்காது" என்றாய். மிரட்டலா அழைப்பா என்று எனக்குப் புரியவில்லை. உன் அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் எழுதினேன், இந்தப் பெண் என்னைப் பார்த்து ஒரு தடவை சிரிக்க வேண்டும் என்று. அது ஜூலை மாதம் நடந்தது. வீட்டில் ஒரு புத்தகத்துக்குப் பசை போட்டுக்கொண்டே இன்னொரு புத்தகத்தைப் படித்ததில் என் சட்டைக் கையைப் புத்தகத்தின் முதுகோடு சேர்த்து ஒட்டிக்கொண்டு, அழைப்பு மணி அடித்ததும் புத்தகம் தொங்க வாசலுக்குப் போனேன், நீ மாடிப்படியில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். அடுத்த புது வருடத்தன்று என் தாளைப் பிரித்து நடந்தது என்று மட்டும் சொன்னேன், என்ன என்று சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். அந்தத் தாளை நீ தள்ளாமல் இருந்திருந்தால் நான் இந்த வீட்டில் நல்ல விருந்தாளியாக இருந்திருப்பேன், அவ்வளவுதான்.

இந்த வருடத்துக்கும் எழுதிவிட்டேன், ஒட்டியும் விட்டேன். இந்தத் தடவை ஒவ்வொன்றின் வெளிப்பக்கத்திலும் அவரவர் அடையாளம் போட்டேன், உன் அப்பாவுக்கு ஒரு லிஃப்ட், அத்தைக்கு ஒரு வாய். அத்தை பார்த்துவிட்டு "இது என்ன கிணறா" என்றாள். என்ன எழுதினேன் என்று முழுதும் சொல்லமாட்டேன், சட்டம் சட்டம்தான். ஆனால் படிப்பது பற்றி ஒன்று சொல்கிறேன். இனிமேல் எண்ணிக்கை வைத்துக்கொள்வதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன். போன வருடம் இருபதுக்கு மேல் போனதும் ஒல்லியான புத்தகமாகத் தேட ஆரம்பித்தேன், என் கையே அலமாரியில் முதுகின் தடிமனை அளந்தது, வெட்கமாக இருந்தது. இந்த வருடம் ஒரே ஒரு தடித்த புத்தகம், ஆயிரத்து நூறு பக்கம், எவ்வளவு நாளானாலும் சரி. பைண்டிங் பிரிவில் எங்களிடம் அதிகமாக வருவது இரண்டு வகை, உனக்குத் தெரியுமே. தேர்வு வழிகாட்டிகள் ஓரம் கிழிந்து வரும், பயணப் புத்தகங்கள் நடுவில் பிரிந்து வரும். நடுவில்தான் வரைபடம் இருக்கும், அதை விரித்து விரித்துப் பார்ப்பார்கள். பதிமூன்று வருடமாக நான் பார்த்த ஊர்களெல்லாம் தையல் விட்டுப்போய் என் மேசைக்கு வந்தவை. ஒரு பாலைவனத்தை நான் நூலால் தைத்திருக்கிறேன், ஒரு தீவுக்கூட்டத்தில் இரண்டு தீவு காணாமல் போய், பக்க எண்ணை வைத்து எங்கே இருந்திருக்கும் என்று கண்டுபிடித்திருக்கிறேன். என்னுடைய சொந்தக் கால் போன அதிக தூரம் நான்கு மணி நேரம், அதுவும் ஒரு கல்யாணத்துக்கு. போன திங்கட்கிழமை எங்கள் பிரிவுத் தலைவரிடம் ஐந்து நாள் விடுப்பு கேட்டேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "பதிமூணு வருஷத்துல நீங்களா வந்து லீவு கேக்கறது இதான் முதல் தடவை, வீட்ல யாருக்கு உடம்பு சரியில்ல" என்றார். யாருக்கும் ஒன்றுமில்லை, ஊருக்குப் போகிறேன் என்றேன். "யாரோட" என்றார். தனியாக என்றேன். கண்ணாடியைத் திரும்பப் போட்டுக்கொண்டு, "நல்லது, ஜன்னல் சீட்டா பாத்து எடுங்க, நடுவுல குடுத்தா வாங்காதீங்க" என்றார். பயணத்தைப் பற்றி எனக்குக் கிடைத்த முதல் அறிவுரை அது.

இனி அந்த நான்காவது வரி. அதை எழுதி ஒரு வருடமாகிவிட்டது, இப்போதும் அது உண்மையா என்று எனக்குத் தெரியாது. உண்மையில்லை என்றால் கிழித்துப் போட்டுவிடு, நான் படிக்கவே இல்லை என்று வைத்துக்கொள்கிறேன். உண்மை என்றால் விடு, விடாதே என்று நான் சொல்லப்போவதில்லை. நான் மூன்று வாரத் தற்காலிக வேலைக்கென்று போய் அந்த மேசையிலேயே பதிமூன்று வருடம் உட்கார்ந்திருப்பவள், என் அதிர்ஷ்டம் அது எனக்குப் பிடித்துப்போயிற்று. எல்லாருக்கும் அப்படி அமையவேண்டும் என்று கட்டாயமில்லை. ஒன்று மட்டும் கேட்பேன், அந்தப் படிப்பை விட்டால் எதை நோக்கிப் போகிறாய் என்று. பதில் தெரியாது என்றாலும் பரவாயில்லை, தெரியாது என்பதை நேரில் உட்கார்ந்து சொல். ஆனால் அப்பாவிடம் சொல்லவேண்டியது நீதான், நான் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். உனக்கு எது பயம் என்று எனக்குத் தெரியும். நீ கல்லூரியில் சேர்ந்த மாதத்தில் உன் அப்பாவுக்கு அந்தக் கடைவாய்ப் பல் வலி வந்தது. அன்றிலிருந்து ஒன்றரை வருடமாக இடப்பக்கமே மென்று, ஆறிய டீயே குடித்து, அந்தப் பல்லை உனக்காகப் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறார். "என் பொண்ணு கைதான் இதுல முதல்ல படணும்" என்று அவர் சொல்லாத ஆள் இந்த ஊரில் இல்லை. ஆஸ்பத்திரிக் கட்டடத்தில் லிஃப்ட் பழுது பார்க்கப் போனால் உள்ளே இருக்கும் ஆட்களுக்கு எட்டு மாடியும் இதுதான் கதை. கீழே இறங்கியபின்பும் கதவைக் காலால் பிடித்துக்கொண்டு கதையை முடித்துவிட்டுத்தான் விடுவாராம், கூட வேலை செய்பவர் சொன்னார். அந்தப் பல்லை வைத்துக்கொண்டிருக்கும் மனிதரிடம் போய் நான் பல் டாக்டர் ஆகப்போவதில்லை என்று எப்படிச் சொல்வது. உன் இடத்தில் நான் இருந்தாலும் தட்டைத்தான் திரும்பத் துடைத்திருப்பேன்.

ஆனால் ஒன்றை உன்னிடம் மறைக்கக்கூடாது. சனிக்கிழமை மதியம் நான் திரைக்கு ஓரம் மடித்துக்கொண்டிருந்தேன், உன் அப்பா வாசல் விளக்கை மாற்றுவதற்காக ஏணியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, ஏறாமல் அதன் இரண்டாம் படியில் உட்கார்ந்துகொண்டார். "அன்னிக்கு நீங்க ரெண்டு பேரும் என்ன மறைச்சீங்க" என்றார். ஒன்றும் இல்லையே என்றேன். "நாலாவது மாடி பட்டன அமுக்கினா மூணுல நின்னு கதவத் திறக்குமே சில லிஃப்ட்டு, அந்த மாதிரி நின்னீங்க ரெண்டு பேரும், இருபது வருஷமா இந்தச் சத்தத்தக் கேட்டுத்தான் சாப்பிடறேன்" என்றார். நான் ஊசியில் நூல் கோத்தேன், அதில் ஏற்கெனவே நூல் இருந்தது. புது விளக்கின் அட்டையைப் பிரித்துக்கொண்டே, "அவளுக்கு அந்தப் படிப்பு பிடிக்கலயா" என்று கேட்டார். பூச்சி, நான் ஆமாம் என்று சொல்லவில்லை. இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும், சொல்ல வரவில்லை, போன வாரம் சொன்ன பொய்யையே இன்னும் தைத்து முடிக்கவில்லை. அவளையே கேளுங்கள் என்று மட்டும் சொன்னேன். அவர் தாடையைத் தடவிக்கொண்டு, "கேட்டா நான்தான் பேசுவேன், அவ எங்க பேச" என்றார். அப்புறம் ஏணியில் ஏறி விளக்கை மாற்றினார். எரிந்தது. அதற்குப் பிறகு அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் பேசவில்லை, நானும் எடுக்கவில்லை, இரண்டு நாளாக வீட்டில் வாசல் மட்டும் வெளிச்சமாக இருக்கிறது. நான் உன்னைக் காட்டிக்கொடுத்துவிட்டேனா என்று ராத்திரி பகல் யோசிக்கிறேன். காட்டிக்கொடுத்திருந்தால் மன்னித்துவிடு. என் முகம் இத்தனை சுலபமாகப் படிக்கக் கூடியது என்று எனக்கு முப்பத்துநாலு வயது வரை யாரும் சொல்லவில்லை.

இருபத்துமூன்றாம் தேதி வெள்ளிக்கிழமை காலை ஏழு பத்துக்கு உன் ஊர் ஸ்டேஷனில் இறங்குகிறேன். முந்தின நாள் சாயங்காலம் ஏறுகிறேன், ஜன்னல் சீட்டுதான், பார்த்து வாங்கினேன். நீ ஆறு மணிக்கு எழ வேண்டும் என்று எழுதிய வருடம் போய்விட்டது, இந்த ஒரு நாளாவது எழுந்து வா, இல்லை என்றால் நான் தனியாக வழி கேட்டு வந்துவிடுவேன், அதுவும் என் ஆசைதான். விடுதியில் தங்க விடமாட்டார்கள் என்றால் பக்கத்தில் எளிமையான அறை பார்த்து வை, கட்டிலும் ஒரு விளக்கும் போதும். நான் வந்ததும் உன்னைக் கேள்வி கேட்கமாட்டேன், முதலில் உன் ஊர் நூலகத்தைப் பார்க்க வேண்டும், அங்கே பழுது பார்க்கும் மேசையை ஜன்னல் பக்கம் போட்டிருக்கிறார்களா சுவர்ப் பக்கம் போட்டிருக்கிறார்களா என்று தெரிந்துகொள்ள வேண்டும். அதற்குப் பிறகு நீ பேசு. எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசு. பனி பெய்யும் ஊருக்கு நீ போகும்போது என்னைக் கூட்டிப்போக வேண்டாம், தனியாக என்றுதானே எழுதியிருக்கிறாய், ஆனால் அங்கிருந்து ஒரு கடிதம் போடு, எனக்குக் கடிதம் எழுதத்தான் வருகிறதே தவிர இன்னும் ஒரு கடிதம்கூட வரவில்லை. ஒழுங்காகச் சாப்பிடு, காலையில் பிஸ்கட்டோடு ஓடாதே. உன் அறையில் படுக்கைக்கு மேலே வைத்திருக்கும் புத்தக அலமாரியின் ஆணி ஆடுகிறது என்றாயே, அதைச் சரிசெய்யச் சொல், படித்துச் சாவது வேறு, புத்தகம் விழுந்து சாவது வேறு என்று உன் அத்தை சொல்லச் சொன்னாள். அவள் உனக்கு ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருக்கிறாள், ஒரு கை மற்றதைவிட நீளமாக வந்திருக்கிறது, வந்ததும் நன்றாயிருக்கிறது என்று சொல்லிவிடு. என் கார்டை நீ பத்திரமாக வைத்திருப்பாய் என்று நினைக்கிறேன், உன்னுடையதை நானே கையில் கொண்டு வருகிறேன், தபாலில் போட மனமில்லை.

இந்த வருடம் உனக்கு நீ எழுதியபடியே நடக்கட்டும், எழுதாமல் விட்டதில் நல்லதும் கூடச் சேர்ந்து நடக்கட்டும். நீ எந்தப் பக்கம் திரும்பினாலும் இந்த வீட்டின் கதவு அந்தப் பக்கமும் திறக்கும்.

என்றும் உன் நினைவாக,
சித்தி

பின்குறிப்பு: கவரை ஒட்டுவதற்குள் மூன்று நாள் ஆகிவிட்டது. நேற்று மாலை உன் அப்பா வேலை முடிந்து வரும் வழியில், மருந்துக்கடைக்கு மேல் மாடியில் இருக்கும் பல் டாக்டரிடம் போய் அந்தக் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டார்.